என் காதை நம்பி அந்தப் பெட்டியை வாங்காதே

ஜெனி,

லாரிக்குச் சொல்லிவிட்டாய் என்றால் முதலில் அதை நிறுத்து. அட்வான்ஸ் இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதே. புதன்கிழமை சாயங்காலம் நான் போனில் "கண்ண மூடிக்கிட்டு ரெட்டியார்பாளையத்துப் பெட்டிய எடு" என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பேச்சை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஏன் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிட முடியும். ஆனால் இரண்டு வரியில் சொன்னால் நான் சுலபமாகத் தப்பித்துவிடுவேன். இத்தனை வருஷம் தப்பித்தது போதும். இன்று வெள்ளிக்கிழமை காலை. எழுதி முடித்ததும் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். முழுக்கப் படித்து முடிக்கும்வரை போன் செய்யாதே. செய்தாலும் நான் எடுக்கப் போவதில்லை, அதற்கும் காரணம் இதிலேயே வரும்.

உனக்கு இந்தப் பெட்டி எவ்வளவு முக்கியம் என்று தெரியாமல் நான் இதைச் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தேன், அதுதான் அசிங்கம். ஒன்பது வருஷம் மும்பையில் ஓர் இசையமைப்பாளரிடம் உதவியாளராக இருந்து, அவர் பெயரில் வந்த எத்தனையோ படங்களுக்கு உழைத்துக் கொட்டிவிட்டு, இப்போதுதான் முதல்முதலாக உன் பெயர் போட்டு ஒரு படம் வரப்போகிறது. அந்த டைரக்டருக்கு நாற்பது வருஷத்துக்கு முந்தைய சிந்தசைசர் கீபோர்டுப் பெட்டியின் அசல் சத்தம் வேண்டும். கம்ப்யூட்டரில் அதுபோலச் செய்து கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் பதிவு தொடங்குகிறது. பெட்டி சரியாக அமையாவிட்டால் படம் உன் பழைய முதலாளியிடமே போய்விடும் என்று அம்மாவிடம் நீ அழுததும் எனக்குத் தெரியும். நம் ஊரில் அப்படி இரண்டு பெட்டி விலைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டாய். போனில் பதிவு செய்து அனுப்பினால் இரைச்சலையெல்லாம் போனே வடிகட்டிவிடும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நேரில் ஒரு காது வேண்டும் என்றாய். "நீங்க கேட்டுப் பாத்து எது சொல்றீங்களோ அதத்தான்பா வாங்குவேன்" என்றாய். அதைக் கேட்டு எனக்கு ஏறிய கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை. அம்மா பரிமாறிய இட்லியைக்கூட எத்தனை என்று பார்க்காமல் தின்றேன்.

கர்வத்துக்குக் காரணம் இருந்தது. இந்த ஊரில் பழைய ஹார்மோனியம், கீபோர்டு, ஸ்பீக்கர் என்று எதை வாங்கப் போனாலும் கூட என்னை அழைத்துப் போவார்கள். பகலில் அரசாங்க குமாஸ்தா, சாயங்காலம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடகர் குழு என்று இருபத்தைந்து வருஷம் ஓடியவன் ஆயிற்றே. விலை பேசுகிறவர் வேறு யாராவது இருப்பார். நான் வாசித்துப் பார்த்துத் தலையை ஆட்டினால் பெட்டி கைமாறும். ஆட்டாவிட்டால் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவோம். அதற்காக நான் ஒரு பைசா வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் ஒருவேளை மனசு உறுத்தி எப்போதோ நிறுத்தியிருப்பேன். சும்மா செய்கிற உபகாரம்தானே என்று சொல்லிக்கொண்டு எத்தனை பேர் தலையில் எதையெல்லாம் கட்டினேனோ.

திங்கட்கிழமை வைத்திக்குப்பம் போனேன். அங்கே செல்வம் என்று ஒருவன் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான், கல்யாணத்துக்கும் மாசிமகத்துக்கும் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன். அவனிடம் இருப்பது சின்னப் பெட்டி. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும், இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் கேட்கும். கடல் காற்றில் திருகாணியெல்லாம் துரு. இரண்டு குமிழ் தொலைந்துபோய், அந்த இடத்தில் பேனா மூடியைச் செருகி வைத்திருக்கிறான். நான் போனபோது பெட்டி அணைந்து கிடந்தது, என் எதிரில்தான் ஸ்விட்சைப் போட்டான். கீழ்ப்பக்கம் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தேன். சுருதி ஓரிடத்தில் நிற்காமல் மெதுவாக மேலே நகர்ந்துகொண்டே போனது. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து, "மொத அரை மணி நேரம் இது யார் பேச்சும் கேக்காதுண்ணே. சூடு ஏறிடுச்சின்னா அப்புறம் வெச்ச எடத்துல நிக்கும்" என்றான். வேறு என்னென்ன மாற்றினான், எதைச் சரிசெய்ய முடியவில்லை என்று நான் கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்பித்தான். நான் அரை மணி நேரம் உட்காரவில்லை. சுருதி நிற்காத பெட்டியை யாரிடம் கொண்டுவந்து காட்டுகிறான் பார் என்று கோபம் வந்துவிட்டது. பத்தே நிமிஷத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

புதன்கிழமை ரெட்டியார்பாளையம். பெட்டியை விற்கிற மதாமின் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பி, போன வருஷம் இறந்துபோனவர். பிரான்சில் இருந்த காலத்தில் வாங்கிய பெட்டி. மதாம் வருகிற திங்கட்கிழமை மகனோடு இருக்க பிரான்சுக்கே போகிறார், வீட்டைப் பூட்டுவதற்குள் பெட்டி போக வேண்டும். கோயிலில் பார்த்துப் பேசிய பழக்கம் என்பதால் அம்மாவும் கூட வந்தாள். மாடி ஹாலில், பூப்பின்னல் துணி போர்த்தி, இரண்டு பக்கமும் தேக்குமரப் பலகை வைத்த பெரிய பெட்டி. ஒரே நேரத்தில் ஆறு சுரம் பேசும். துணியை எடுத்ததும் எனக்கு மனசு அங்கேயே விழுந்துவிட்டது. நாங்கள் போகும்போதே ஓடிக்கொண்டிருந்தது. சூடாக இருந்தால்தான் நன்றாகப் பேசும் என்று அவர் சொல்வார், அதனால் காலையிலேயே போட்டுவிட்டேன் என்றார் மதாம். சூடேறிய பெட்டியை வைத்து முடிவு செய்யக்கூடாது என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அணைத்து வையுங்கள், ஆறட்டும், இரண்டு மணி நேரம் கழித்து வருகிறோம் என்று சொல்லியிருக்க வேண்டும். கேக்கும் காப்பியும் எடுத்து வைத்து உபசரிக்கிற வீட்டில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த மாதிரிப் பெட்டியைச் சோதிக்க ஒரு வழி உண்டு, உனக்கும் தெரியும். உள்ளே ஆறு குரல் இருக்கிறது. ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் முதல் தடவை முதல் குரல், அடுத்த தடவை இரண்டாவது குரல் என்று முறை வைத்துப் பேசும். ஆறு தடவை அழுத்தினால் எந்தக் குரல் நோஞ்சான் என்று தெரிந்துபோகும். அழுத்தினேன். எனக்கு ஆறும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருந்தது. அப்போது மதாம் கேட்டார், "இந்த ஸ்ஸுன்னு ஒரு எரைச்சல் வருதே முசியே, ஒங்க பொண்ணுக்குப் பரவால்லையா?" நான் எந்த இரைச்சலையும் கேட்கவில்லை. அந்த ஹாலில் எனக்குக் கேட்டதெல்லாம் கீழே தெருவில் போகிற பஸ்ஸின் உறுமல்தான். "பழைய பெட்டின்னா அது இருக்கறதுதான் மதாம்" என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்லிவிட்டு, ஏதோ யோசிக்கிறவன் மாதிரி அடுத்த குமிழைத் திருப்பினேன். அம்மா சோபாவில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நீ கேட்டாய், "எரைச்சல் இருக்காப்பா?" துளிகூட இல்லை என்றேன். மதாமே வாயைத் திறந்து சொன்ன இரைச்சலை நான் இல்லை என்றேன். இருக்கிறது என்றால் எவ்வளவு என்று நீ அடுத்த கேள்வி கேட்பாய், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆறு குரலும் சமமாக இருக்கிறதா என்றாய், ஒன்றுபோல இருக்கிறது என்றேன். செல்வத்தின் பெட்டி எப்படி என்றாய், அதைக் குப்பையில் போடு என்றேன். அப்புறம் லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்தேன். ஜெனி, இரண்டு வருஷமாக நான் சொல்கிற அந்த லைன் எப்போதும் சரியாகத்தான் இருந்தது. உன் பேச்சில் பாதி எழுத்து எனக்கு வந்து சேர்வதில்லை. ஆமாம் போட வேண்டிய இடத்தில் ஆமாம் போட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து ஒப்பேற்றி வந்திருக்கிறேன்.

போனை வைத்ததும் அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அந்த அம்மாகிட்ட கமிஷன் ஏதாச்சும் பேசிட்டீங்களா?" என்றாள். முப்பத்து நான்கு வருஷத்தில் அவள் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் கத்தினேன். எனக்குக் கத்தத் தெரியும் என்பது உனக்குத் தெரியாததா. அவள் அசையவே இல்லை. கேஸ் சிலிண்டர் கசிகிற மாதிரி அந்தப் பெட்டி சீறிக்கொண்டே இருந்தது என்றாள். நான் அதே கட்டையை அழுத்திக்கொண்டிருந்தபோது நாலாவது தடவை மட்டும் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி மங்கலாக வந்தது என்றாள். சுரம் தெரியாத தனக்கே அது கேட்டது, இவருக்குக் கேட்காமல் இருக்குமா, தெரிந்தே பெண்ணிடம் மறைக்கிறார் என்றால் உள்ளே ஏதோ விஷயம் இருக்கிறது என்பது அவள் கணக்கு. நியாயமான கணக்கு. இப்போது எனக்கு இரண்டே வழி. பெற்ற பெண்ணை ஏமாற்றித் தரகு தின்பவன் என்று ஆக வேண்டும், இல்லாவிட்டால் செவிடன் என்று ஆக வேண்டும். சொன்னால் நம்ப மாட்டாய், நான் ஒரு நிமிஷம் யோசித்தேன்.

கடைசியில் சொன்னேன். மேல்பக்கத்துக் கீச்சுச் சத்தம் எதுவும் எனக்குக் கேட்காது, கீழ்ப்பக்கம் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது என்றேன். எப்போதிலிருந்து என்றாள். ஜெனி பத்தாவது படித்தபோதிலிருந்து என்றேன். விரல்விட்டு எதையோ எண்ணுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப பிள்ள காதுல ரெண்டு வாரம் மருந்து ஊத்துனோமே, அது எதுக்கு?" என்றாள்.

உனக்கு ஞாபகம் இருக்கும். மறந்திருக்க மாட்டாய். ஈஸ்டருக்குப் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தோம். கோயிலுக்குப் புதிதாக ஒரு பழைய கீபோர்டு வந்திருந்தது, நான் தலையை ஆட்டி வாங்க வைத்தது. நீ முதல் வரிசையில் நின்றுகொண்டிருந்தாய். பாட்டு நடுவில் நிறுத்திவிட்டு, மேலே ஏதோ விசில் அடிக்கிறது அப்பா, அது அடிக்கும்போது பாட முடியவில்லை என்றாய். மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும், எல்லார் முகத்திலும் அது தெரிந்தது, ஆனால் நான் வாங்கிய பெட்டியைக் குறை சொல்ல ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நீ திறந்தாய். உனக்குக் காதில்தான் கோளாறு என்று அத்தனை பேர் எதிரில் சொன்னேன். பின்வரிசையில் இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை, உனக்குத்தான் கோளாறு என்று மனதார நம்பினேன். நம்பியதால்தான் மறுநாளே உன்னைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டர் உன்னைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார். முடிந்ததும் உன்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம், இவ்வளவு கூர்மையான காதை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன், குறை ஒன்றும் இல்லை என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, வந்ததுதான் வந்தீர்கள், நீங்களும் உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ஒரு சத்தமும் வரவில்லையே, மெஷின் ரிப்பேரா என்று நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த நர்ஸ் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் எப்போது அழுத்துவேன் என்று. டாக்டர் காட்டிய தாளில் கோடு பாதி தூரம் நேராக வந்து, அங்கிருந்து சரிந்து கீழே போயிருந்தது. இத்தனை வருஷம் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றதன் பலன், போனது திரும்பாது என்றார். அந்தத் தாளைக் கிழித்து வெளியே குப்பைத் தொட்டியில் போட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நீ, "என்னப்பா சொன்னாரு?" என்றாய். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதாம் என்றேன்.

வழியில் மருந்துக்கடையில் அழுக்கைக் கரைக்கிற சொட்டு மருந்தை நானாகக் கேட்டு வாங்கினேன். டாக்டர் எழுதிக்கொடுத்தார் என்று அம்மாவிடம் சொன்னேன். இரண்டு வாரம், தினமும் சாயங்காலம், அம்மா மடியில் நீ தலையை வைத்துப் படுத்துக்கொள்வாய், முதலில் வலது காது, அப்புறம் இடது காது. பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு எழுந்து என்னிடம் வருவாய். "அப்பா, எனக்கு இப்ப சரியா கேக்குதா?" என்பாய். ஒரு பிள்ளை தன் காதைப் பற்றி என்னிடம் வந்து கேட்டது. இன்னும் கொஞ்சம் நாளாகும் என்று நான் சொன்னேன். பதினான்காம் நாள் உன்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போய் அதே கீபோர்டைப் போட்டு, மேல் கட்டைகளை வாசித்துக் காட்டினேன். நீ கீபோர்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்ப விசில் இல்லப்பா" என்றாய். அந்தக் கீபோர்டை அதுவரை யாரும் திறந்து ஒரு திருகாணிகூடத் திருப்பவில்லை. விசில் இருந்திருக்கும், ஜெனி. உனக்கு அது கேட்டிருக்கும். எனக்காக நீ அதைக் கேட்காமல் விட்டாய். நான் உன் தலையைத் தடவி, பார்த்தாயா, நான் சொன்னேன் அல்லவா என்றேன்.

உன் காதில் எந்தக் காலத்திலும் எந்தக் குறையும் இருந்ததில்லை. இதை எழுத எனக்குப் பதினாறு வருஷம் ஆகியிருக்கிறது. நேற்று மதியம் அம்மா சோற்றைப் போட்டுவிட்டு, "நான் அவகிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே எழுதி அனுப்புங்க, ஒரு வார்த்த விடாம" என்றாள். அவள் கையாலேயே மருந்து ஊற்ற வைத்தேன் என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. எனக்கும் ஆறவில்லை.

அந்த இரண்டு வாரத்தோடு அது முடிந்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். முடியவில்லை. அதற்கப்புறம் நீ எந்தப் பாட்டைப் பாடினாலும் பாடி முடித்து என்னைத் திரும்பிப் பார்த்தாய். மும்பைக்குப் போன பிறகும் எதைச் செய்தாலும் முதலில் எனக்கு அனுப்பி, சரியாக இருக்கிறதா என்று கேட்டாய். நான் ஒவ்வொரு தடவையும் மேலே கூர்மை பற்றவில்லை, இன்னும் கொஞ்சம் ஏற்று என்றேன். எனக்குக் கேட்காததையெல்லாம் ஏற்றச் சொன்னேன்! அந்த நகைக்கடை விளம்பரத்துக்கு நீ செய்ததை, காதைக் கிழிக்கிறது, யார் இதைச் சரி என்று சொன்னது என்று உன் முதலாளி எல்லார் எதிரிலும் திட்டினார் என்று அம்மாவிடம் சொன்னாயே. நான்தான் சரி என்று சொன்னேன். என் பெயரை நீ சொல்லியிருக்க மாட்டாய். இன்னும் ஒரு வருஷம் உதவியாளராகவே இருக்கிறேன், எனக்கு இன்னும் காது பழகவில்லை என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் இங்கே உட்கார்ந்து அடக்கமான பெண் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த இரண்டு பெட்டிக்கு வருகிறேன். கண்ணாலும் கையாலும் மூக்காலும் பார்த்ததை மட்டும் சொல்கிறேன், இதை நீ நம்பலாம். நேற்று சாயங்காலம் இரண்டு இடத்துக்கும் மறுபடி போய் வந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மதாமின் பெட்டியில் கட்டைகள் எல்லாம் ஒரே உயரம், எதுவும் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளவில்லை, மரமும் தகரமும் புதுசு மாதிரி இருக்கிறது. அடித்தகட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். சத்தங்களை நினைவில் வைத்துக்கொள்ள உள்ளே ஒரு சின்ன பேட்டரி உண்டு அல்லவா, அது பொங்கி, பக்கத்து சர்க்யூட் பலகையில் பச்சையாகப் பூத்திருக்கிறது. புளித்த வாடை அடித்தது. எவ்வளவு தூரம் அரித்திருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அந்த நாலாவது குரலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்றும் தெரியவில்லை. செல்வத்தின் பெட்டியில் வெளியேதான் துரு, உள்ளே சுத்தமாக வைத்திருக்கிறான். மூன்று கட்டை தொளதொள என்று ஆடுகிறது. நேற்று அரை மணி நேரம் உட்கார்ந்தேன். சூடேறியதும் சுருதி நின்றது. நின்ற சுருதியைச் சொல்லும் அளவுக்கு எனக்கு இன்னும் காது இருக்கிறது. மேலே அது எப்படிப் பேசுகிறது என்று என்னைக் கேட்காதே. அந்தப் பெட்டியின் குறை என் காதுக்கு எட்டுகிற இடத்தில் இருந்ததால் அதைக் கெட்டது என்றேன், மதாமின் பெட்டியின் குறை எட்டாத இடத்தில் இருந்ததால் அதை நல்லது என்றேன். எது நல்ல பெட்டி என்று எனக்குத் தெரியாது. இரண்டுமே உனக்கு ஆகாமல் போகலாம். ஆகாவிட்டால் படமே கைவிட்டுப் போகலாம், ஆனால் தெரியாததைத் தெரியும் என்று இன்னொரு தடவை சொல்ல என்னால் முடியாது.

இரண்டு பேரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். மதாம் ஆச்சரியப்படவில்லை. தன் வீட்டுக்காரருக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இருந்தது, நான் சமாளித்த விதத்திலேயே புதன்கிழமை தெரிந்துகொண்டதாகச் சொன்னார். அப்படியிருந்தும் வாய்விட்டுச் சொல்லாமல் விட்டுவிட்டேனே, பெட்டி போனால் சரி என்று இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் முசியே என்றார். மன்னிப்பு கேட்கிற வரிசையில் அவருக்கு முன்னால் நான் நிற்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. செல்வத்திடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் ஊரெல்லாம் போகிறவன், இந்த வாரக் கடைசிக்குள் விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவன் துருவைச் சுரண்டிக்கொண்டே கேட்டான். முடித்ததும், "விடுண்ணே, பாப்பா வரட்டும்" என்று மட்டும் சொன்னான். கோயிலில் சாமியாரிடம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அப்புறம் சொல்லப் போகிறேன். பாடகர் குழுவை வேறு யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். காது டாக்டரிடம் போகச் சொல்லி அம்மா நாள் குறித்துவிட்டாள், அதற்கும் போகிறேன். இதெல்லாம் உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை. கோபம் வந்தால் கோபப்படு.

ஆனால் கோபத்தோடாவது வா. நாளை ராத்திரிக்குள் வந்து சேர்ந்துவிடு, பஸ்ஸோ பிளேனோ எதில் என்றாலும். செல்வம் தன் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி ரெட்டியார்பாளையத்துக்கே கொண்டுவருகிறேன் என்றிருக்கிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாளை சாயங்காலத்திலிருந்தே ஸ்விட்சைத் தொடாமல் ஆறவிடச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ வந்து உன் கையாலேயே போடு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேள், மதாம் காத்திருப்பார். நான் அந்த ஹாலில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன், வெளியே போகச் சொன்னால் போய்விடுகிறேன். கேட்டு முடித்ததும் பழக்கத்தில் நீ திரும்பி என்னைப் பார்ப்பாய். பார்க்காதே. என்னப்பா சொல்றீங்க என்று கேட்டும் விடாதே. கேட்டால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன்.

உன் அப்பா